லென்ஸ் வழியே பார்த்தவர்

மலையூரான மடுல்கெல்லவுக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பேச்சு யாழ்ப்பாணம். மடியில் உள்ளங்கையளவு கெமரா. அதன் ஜூம் லென்ஸை முறுக்கினால் கெமராவை விட நீளமாக வெளியே வந்தது. எதையும் அவர் வெறும் கண்ணால் பார்க்கவில்லை. வத்தேகமவில் பஸ் நின்றபோது எதிரே இருந்த தின்பண்டக் கடையை லென்ஸால் ஆராய்ந்துவிட்டு, "தம்பி, ரோல்ஸ் வாங்காதேங்கோ, இலையான் மொய்க்குது" என்றார்.

"வேற லென்ஸ் இல்லையா?" என்று கேட்டேன்.

"கிட்டவும் தூரவும் இதொண்டே காணும்."

மலையேறும்போது திடீரெனக் கத்தினார். "நிப்பாட்டுங்கோ! ஒரு பிள்ளை ஓடி வாறா!"

எங்களுக்குத் தேயிலைதான் தெரிந்தது. கண்டக்டரிடம் கெமராத் திரையைக் காட்டினார். உண்மைதான், தூரத்துச் சரிவில் ஒரு பெண் கையை ஆட்டியபடி ஓடி வந்தாள். பஸ் காத்திருந்தது.

மூச்சிரைக்க வந்தவளிடம், "சீக்கிரம் ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

"எங்க ஏறுறது? என் சோத்துப் பார்சல கொரங்கு தூக்கிட்டு ஓடியாந்துருச்சு. அதத்தான் வெரட்டுறேன்!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் முறைத்தார். கெமராக்காரரோ நிதானமாக லென்ஸை மறுபக்கம் திருப்பினார். "பிள்ளை, அந்தப் பெரிய மரம், மூண்டாவது கொப்பு. பார்சலை இன்னும் பிரிக்கேல்லை."

அவள் ஓடினாள். பஸ்ஸும் புறப்பட்டது. வளைவு மறைக்கும்வரை பின்பக்கமே லென்ஸைப் பிடித்திருந்தவர், பிறகு திருப்தியாகத் தலையாட்டினார். அவளா குரங்கா, யார் ஜெயித்தது என்று அவரிடம் கேட்காமல் இறங்கிவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.