அதே இடம், அதே வலை

டென்மார்க்கில், யுட்லாந்தின் நடுவில் உள்ள அந்தச் சின்ன ஊரின் மேல்நிலைப் பள்ளியில் விபெக்கெ உயிரியல் நடத்தினாள். அவளிடம் படித்த யாரைக் கேட்டாலும் முதலில் ஆற்றைத்தான் சொல்வார்கள். மே மாதம் வந்தால் போதும், வகுப்பு முழுவதையும் மார்பு வரை வரும் ரப்பர் உடையில் திணித்து, குளிர்ந்த தண்ணீரில் இறக்கிவிடுவாள். ஒருவர் வலையைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வலைக்கு முன்னால் நின்று காலால் கற்களைக் கிளற வேண்டும். கலங்கி வருவதெல்லாம் வலைக்குள் விழும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டி, என்னென்ன நெளிகிறது என்று பார்க்க வேண்டும்.

"தண்ணி இன்னைக்கு எப்படி இருக்குன்னு சோதனை மருந்து சொல்லும். வருஷம் பூரா எப்படி இருந்துச்சுன்னு பூச்சிதான் சொல்லும். மருந்தை ஏமாத்தலாம், பூச்சியை ஏமாத்த முடியாது" என்பாள். இதை வகுப்பிலும் சொல்வாள், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் சொல்வாள்.

அவள் பிடிவாதம் ஊரறிந்தது. அதே வாரம், அதே வலை, வளைந்த ஆல்டர் மரத்துக்கு நேர் கீழே அதே இடம். ஓரடி தள்ளி நின்றால்கூட, போன வருஷத்தோடு ஒப்பிட முடியாது என்று மறுபடியும் கிளற வைப்பாள். 'ஓரடி விபெக்கெ' என்று பிள்ளைகள் பேர் வைத்திருந்தார்கள். அது தெரிந்தும் அவள் மாறவில்லை.

அந்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு மீன் பண்ணை. அவள் கணவன் ஹோல்கருக்கு அங்கேதான் வேலை. குளத்துக் கழிவெல்லாம் ஆற்றில் போகிறது என்று அவ்வப்போது ஊரில் புகைச்சல் கிளம்பும். உடனே பண்ணை முதலாளி நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து, பள்ளிப் பிள்ளைகள் கண்டெடுத்ததை எடுத்துச் சொல்வார். கல்லுக்கடியில் ஒட்டி வாழும் இரட்டை வால் பூச்சிக் குஞ்சு சுத்தமான நீரில் மட்டும்தான் பிழைக்கும். அது வருஷம் தவறாமல் தட்டில் இருந்தது. புகைச்சல் அடங்கிவிடும். விபெக்கெக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

ஒரே ஒரு முறை கதை மாறியது. தூரா என்ற பெண் ஆற்று வளைவைத் தாண்டி வலையைப் போட்டுவிட்டாள். தட்டில் வந்தது அழுக்குத் தண்ணீரில் வாழும் சிவப்புப் புழுவும் அட்டையும். அதை அப்படியே எழுதியும் கொடுத்தாள். இடம் தப்பு என்று விபெக்கெ மதிப்பெண்ணை வெட்டினாள்.

"நான் பார்த்ததைத்தானே எழுதியிருக்கேன்?" என்றாள் தூரா.

"என்ன பார்த்தேங்கிறது அப்புறம். எங்கே பார்த்தே, அதைச் சொல்லு."

தூரா அதோடு உயிரியலுக்கு ஒரு கும்பிடு போட்டாள். இப்போது ஊர் ரொட்டிக்கடையில் நிற்கிறாள்.

இந்த வருஷமும் எல்லாம் வழக்கம்போலத்தான் தொடங்கியது. தட்டில் இரட்டை வால் பூச்சிகள் ஓடின. எஸ்கில் என்ற பையன் மட்டும் கையில் ஒரு கல்லோடு வந்து நின்றான்.

"விபெக்கெ, பாசி வெளிச்சம் இருக்கற பக்கம்தானே வளரும்?"

"ஆமா."

"அப்போ இதுல மட்டும் ஏன் அடிப்பக்கம் இருக்கு?"

"வெள்ளம் புரட்டியிருக்கும்."

அவன் இன்னும் இரண்டு கற்களை எடுத்துக் காட்டினான். அவற்றிலும் பாசி அடியில்தான். "வெள்ளத்துக்கு வேற வேலையே இல்ல போல" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

விபெக்கெ சிரிக்கவில்லை. அந்தக் கறுத்த, நீளமான பாசி பண்ணைக்கு மேலே இருக்கும் ஊற்றோடையில் மட்டும்தான் வளரும். அவள் கரையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஆல்டர் வேருக்குப் பின்னால் ஒரு வாளி கிடந்தது. கைப்பிடி உடைந்ததற்கு அவளே கட்டிய நீலக் கயிறு அதில் இருந்தது. ஜூன் மாதம் வீட்டில் சர்பத்துக்குப் பூ ஊற வைப்பது அதில்தான். அடியில் பாசித் துணுக்கு ஒட்டியிருந்தது.

வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"வலையை எடுங்க. வளைவைத் தாண்டிப் போறோம்."

"இடத்தை மாத்தலாமா?" எஸ்கிலால் நம்ப முடியவில்லை.

"மாத்தலாம்."

வளைவுக்கு அப்பால் கிளறியதில் வந்தது சிவப்புப் புழுவும் அட்டையும். இரட்டை வால் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் ஹோல்கர் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தான். அவள் வாளியை மேசைமேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு அடுப்பைக் குறைத்தான்.

"அவசரத்துல விட்டுட்டேன்" என்றான்.

"முதலாளி சொன்னாரா?"

"இல்ல. நானாத்தான். பண்ணையை மூடிட்டா இந்த வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்? பூச்சியை ஏமாத்த முடியாதுன்னு நீதான் சொன்னே. அதான் ஊற்றோடைலேருந்து பூச்சியையே கல்லோட தூக்கிட்டு வந்தேன். காலண்டர்ல நீ எழுதற தேதிக்கு முதல் நாள்."

"எல்லா வருஷமுமா?"

அவன் தலையசைத்தான். "நீயும் அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா வீட்டுக்கு வருவே."

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட அசிங்கமாக இருந்தது. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அவள் காட்டியது ஆற்றையே அல்ல, இவன் பரப்பி வைத்த கடையை. அதே இடம், அதே இடம் என்று அவள் கத்தியது அவனுக்குத்தான் வசதியாகப் போயிற்று.

"தூராவோட தாளை இங்க உட்கார்ந்துதான் திருத்தினேன். ஞாபகம் இருக்கா? சிவப்புப் புழுவாம்னு உனக்கு சத்தமாப் படிச்சுக் காட்டிச் சிரிச்சேன்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"நீயும் என்கூடச் சேர்ந்து சிரிச்சே, ஹோல்கர்."

"என்ன பண்ணச் சொல்றே?"

"நாளைக்கு வகுப்புல சொல்லிடுவேன். நகராட்சிலயும் சொல்லிடுவேன்."

"என் வேலை போயிடும்."

"போகட்டும்."

உருளைக்கிழங்கு தீயும் வாடை வந்தது. இருவருமே அடுப்பை அணைக்கப் போகவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் ரொட்டிக்கடை வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் தூரா பையை விரித்தாள்.

"வழக்கமானதுதானே, விபெக்கெ?"

"தூரா, அன்னைக்கு நீ வலை போட்ட இடம் சரி. நான் போட்ட இடம்தான் தப்பு. நீ எழுதினது எல்லாமே நிஜம்."

தூரா ரொட்டிகளைப் பைக்குள் போட்டு அதன் வாயை மடித்தாள்.

"எனக்குத் தெரியுமே. நான்தானே தண்ணிக்குள்ள நின்னேன்" என்றாள். பிறகு, அடுத்தது யார் என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.