டலா பாதையில் கடைசி ஆள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போகும் எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். யார் மெதுவாக மிதிக்கிறாரோ அவர் முன்னால் போக வேண்டும். யாருக்குக் காலில் பலம் அதிகமோ அவர் கடைசியில் வர வேண்டும். பஞ்சர் ஆனாலும் செயின் கழன்றாலும் கடைசி ஆள் பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த டீக்கடை வரை மிதித்துக்கொண்டே போகலாம். சூலே பக்கம் குடைக்கடை வைத்திருக்கும், நாங்கள் எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் பெரியவர் போட்ட சட்டம் இது. அவருக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது. நின்று நின்று பேசினால் வெயில் ஏறிவிடும் என்பார். கூட்டத்தில் ஆமை நான்தான், ஆகவே எப்போதும் நான்தான் முதல். கடைசி ஆள் என் தம்பி.

அவனுக்கு முப்பத்தொன்று. பர்மாவில் ஆண்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் வந்ததிலிருந்து போட்டாதாங்கில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டை விட்டு அவன் அதிகம் இறங்கவில்லை. வேலையை விட்டான். வெளிநாடு போகப் பார்த்தான், அவன் வயது ஆண்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும். இந்த ஊர் இப்போது அப்படித்தான் இருக்கிறது. அன்று காலை அவன் சைக்கிளுக்குக் காற்றடிப்பதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அறிவு இருக்காடா ஒனக்கு? எங்க கெளம்புற?"

"நாலு செவுத்தையே பாத்துப் பைத்தியம் புடிக்குதுக்கா. ஒங்க கூட்டத்துல எல்லாம் நரைச்ச தலைங்க. நடுவுல என்னைய யாரு பாக்கப்போறா?"

காக்காவும் போனில், "ஆத்துக்கு அக்கரை டலா பக்கம் இப்ப ஆள் புடிக்கிறது ஒண்ணும் இல்லம்மா, வரட்டும்" என்றார்.

சைக்கிள் ஓட்டக்கூடாத தெருக்களில் தள்ளிக்கொண்டே நடந்து படகுத்துறைக்குப் போனோம். ஆற்றைத் தாண்டி டலாவில் இறங்கியதும் தம்பியின் முகமே மாறிவிட்டது. இரண்டு பக்கமும் அறுக்காத வயல், வாத்துக் கூட்டம், தாமரைக் குளம். அவன் பின்னாலிருந்து உரக்கப் பாட ஆரம்பித்தான். அவனுக்குக் குரல் என்று ஒன்று கிடையாது.

"டேய், வாத்தெல்லாம் ஓடுதுடா!" என்று காக்கா கத்தினார். எல்லோரும் சிரித்தோம். அவ்வளவு நாள் கழித்து அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

துவாந்தே போகும் வழியில் ஓரிடத்தில் பட்டாளத்துப் பச்சை வண்டி ஒன்று நின்றிருந்தது. மரநிழலில் துப்பாக்கியோடு நாலைந்து பேர். எங்களைப் போகச் சொல்லிக் கையாட்டினார்கள். தொப்பையும் மூட்டுவலியும் தனகா மரப்பட்டை அரைத்துப் பூசிய கன்னமுமாக வரும் எங்களை வைத்து அவர்கள் என்ன செய்வது? நான் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். பாட்டு நின்றது காதில் விழத்தான் செய்தது. பிழைக்கத் தெரிந்தவன், வாயை மூடிக்கொண்டான் என்று நினைத்தேன்.

டீக்கடையில் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். காக்கா வந்தார். அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

"எங்க அவன்?"

"பின்னாலதானம்மா வர்றான்" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி. பிறகுதான் திரும்பிப் பார்த்தார். பாதையில் ஒரு நாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

வந்த வழியே திரும்பி நான் மிதித்த வேகத்துக்குக் காக்காவால்கூட ஈடுகொடுக்க முடியவில்லை. வண்டி போய்விட்டிருந்தது. தம்பியின் சைக்கிள் மரத்தடியில் ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றது. எதிரே வெற்றிலைக் கடை வைத்திருந்த பெண், நாங்கள் கேட்காமலே சொன்னாள். உங்களுக்குப் பின்னால் வந்தவரை ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் சத்தமே போடவில்லை என்றாள். சத்தம் போட்டிருந்தால் நாங்கள் திரும்பி வந்து நடுவில் விழுந்திருப்போம். அது தெரிந்துதான் போடவில்லை. அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வரப்பில் உட்கார்ந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டேன். "நான் போட்ட சட்டம், நான் போட்ட சட்டம்" என்று காக்கா முனகிக்கொண்டே நின்றார். அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு ஏறாத படி இல்லை, பிடிக்காத ஆள் இல்லை. பயிற்சிக்கு அனுப்பியாகிவிட்டது என்று பட்டாள அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு, வீட்டுக்குப் போங்கள் என்றார். கடவுளிடம் கேட்பதையும் விட்டுவிட்டேன். அவன் வருவான் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டாலே எரிச்சலாக இருக்கிறது.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவன்தான். பிறந்ததிலிருந்து என்னிடம் தமிழைத் தவிர வேறு பேசாதவன் பர்மியில் பேசினான். பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்தது. சாப்பாடு பரவாயில்லை என்றான். நாளைக்கு இங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள், எங்கே என்று சொல்லவில்லை என்றான். நானும் பர்மியிலேயே, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு அவன் கேட்டான், அன்றைக்கு எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா என்று.

சேர்ந்தோம் என்றேன். எல்லோரும் சேர்ந்துவிட்டோம் என்றேன்.