ஜவுபர் கடைத் தேயிலை

கல்முனை பசாரில் ஜவுபர் தன் பழைய பலசரக்குக் கடையை இடித்துக் கட்டி, சாமான்களைத் தட்டுத் தட்டாக அடுக்கி, வருகிறவர்கள் தாங்களே கைநீட்டி எடுக்கலாம் என்று வைத்தது எழுபத்தொன்பதாம் ஆண்டில். அதுவரை கடைக்காரன் சுருட்டிக் கொடுத்ததை வாங்கிப் பழகிய சனத்துக்கு அது பெரிய கூச்சமாக இருந்தது. ஜவுபரின் முகத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் ஒரு சவர்க்காரக் கட்டியையே தொட்டார்கள்.

கூச்சப்படாமல் உள்ளே போனவர் சாய்ந்தமருது சுபைறாதான். புருஷன் முகம்மது தம்பி பாதிநாள் வயலிலேயே கிடக்கிற மனிதர் என்பதால், முட்டாக்கைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பசாருக்குப் போய்வருவது அவருக்குப் பழகிய வேலை. கண்ணுக்கு நேரே உள்ள தட்டுகளில் கம்பனிச் சாமான்கள் மினுங்கின. கப்பல் படம் போட்ட தேயிலைத் தகரப் பேணி, ரோசாப்பூ போட்ட பிஸ்கட் பேணி, ஊர் பேர் தெரியாத பால்மா. சுபைறா அவற்றை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நேரே போய்க் குந்திக்கொண்டு கீழ்த்தட்டில் கைவைப்பார். அங்கேதான் ஜவுபரின் சொந்தப் பெக்கெட்டுகள் இருந்தன. காக்கித் தாள் பை, மடித்து ஒட்டிய வாய், அதன்மேல் ஊதா மையில் கடையின் பெயர் முத்திரை. மல்லித்தூள், கொச்சிக்காய்த்தூள், ரவை, தேயிலை எல்லாமே கடையின் பின்னறையில் ஜவுபரின் வீட்டார் துப்புரவாக்கி, நிறுத்து, கட்டியவை.

விலை குறைவு என்பதற்காகத்தான் வாங்குகிறார் என்று ஊர் சொன்னது. ஊருக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லத்தான் தெரியும். வாசலுக்கு வந்தவருக்குக் கொத்து நிறைய அரிசி அள்ளிப் போடுகிற கை அந்தக் கை. அவர் கணக்கே வேறு. முதல் வருஷம் ஒரு ரவைப் பெக்கெட்டில் வண்டு இருந்தது. சுபைறா அதைக் கொண்டுபோய் ஜவுபர் முன்னால் கொட்டினார். ஜவுபர் நேரே பின்னறைக்குப் போய், முழுச் சாக்கையும் வெளியே இழுத்துவந்து, எல்லாருக்கும் முன்னால் கோழிக்குக் கொட்டினார். அன்றைக்குப் பிடித்த பிடிதான்.

"கம்பனிக்காரன்ட மொகத்த நான் எங்க போய்த் தேடுற? ஜவுபர்ட மொகம் கடைக்குள்ளயே இரிக்கி. பழுதெண்டா அந்த மொகத்தப் பாத்துக் கேட்பன்" என்பார்.

இப்படி மூன்று வருஷம் தலை நிமிர்ந்து நடந்த மனுஷி, எண்பத்திரண்டில் மகளுக்குக் கலியாணம் வந்ததும் ஆடிப்போனார்.

மகள் நதீரா ஒரே பிள்ளை. மாப்பிள்ளை காலிதீன் மருதமுனைப் பொடியன், கல்முனையில் ஒரு கந்தோரில் கிளார்க். அவருடைய மூத்த சகோதரர் சவூதியில் இருந்து வீட்டுக்குச் சாமான் அனுப்புகிறவர். இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். சுபைறாவும் புருஷனும் கல்வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் அடுப்படிக் குசினியோடு ஒட்டிய சின்ன அறைக்குள் ஒதுங்கினார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் நின்று கதைப்பதில்லை. சமைப்பது மாமி, கொண்டுபோய் வைப்பது மகள். மருமகன் சாப்பிட்டாரா, ருசித்தாரா என்பதை வெறுங்கோப்பையைப் பார்த்துத்தான் மாமி தெரிந்துகொள்ள வேண்டும்.

கலியாணத்துக்கு நாலு நாள் முந்தி தங்கச்சி ஜுனைதா குசினிக்குள் வந்து காக்கித் தாள் பெக்கெட்டுகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"ராத்தா, சவூதிச் சாமானில வளந்த புள்ளைக்கு நீங்க ஜவுபர்ட தூளிலயா தேத்தண்ணி ஊத்தப்போறீங்க? மருதமுனை முழுக்கச் சிரிக்கும். பொறகு மாப்பிள்ள உம்மா ஊட்டயே போய்க் கிடந்தா என்ன செய்யிற?"

அந்தக் கடைசி வார்த்தைதான் சுபைறாவை அசைத்தது. மறுநாள் கடைக்குப் போனார். வாழ்க்கையில் முதல்தரம் கையை மேலே உயர்த்தி, கப்பல் படம் போட்ட பேணியை எடுத்தார். ஜவுபர் மேசைக்குப் பின்னால் எழுந்தே நின்றுவிட்டார்.

"ராத்தா, நம்மட தேயிலையில ஏதும் பழுதா?"

"பழுதில்ல தம்பி. இது மாப்பிள்ளைக்கு" என்றார் சுபைறா. களவெடுத்துப் பிடிபட்டவர்போல முகம் சுண்டிப்போயிற்று.

அன்றுமுதல் ஒரு குசினியில் இரண்டு கேத்தல். புதுக் கேத்தலில் மாப்பிள்ளைக்குக் கம்பனித் தேயிலை, தட்டத்தில் கம்பனி பிஸ்கட். பழைய கேத்தலில் தங்களுக்கு ஜவுபரின் தூள், இஞ்சி தட்டிப் போட்டு. நதீரா தாயோடு குசினியில் இருந்து பழைய கேத்தலில்தான் குடிப்பாள்.

மாப்பிள்ளையின் கோப்பை பாதியோடு திரும்பி வந்தது. முதல் நாள் கூச்சம் என்று நினைத்தார். பத்தாம் நாளும் பாதிதான் குடித்திருந்தார். கப்பல் படத்தை மாற்றிக் கிளிப் படம் வாங்கினார். அதுவும் பாதி. பிறகு பச்சைப் பேணி. பிஸ்கட் வைத்தது வைத்தபடி நமுத்துப் போயிற்று. கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. மகளைக் கேட்டால், "ஒண்டும் சொல்றாரில்ல உம்மா. போதுமாம்" என்பாள்.

இரண்டாம் மாதம் காலிதீன் வியாழன் இரவுகளில் மருதமுனைக்குப் போகத் தொடங்கினார். பிறகு ஞாயிறும் போனார். ஒருநாள் நதீரா அம்மியடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததைச் சுபைறா கண்டார். எல்லாம் தன்னால்தான் என்று அந்த மனுஷி முடிவு கட்டினார். விளக்குமாறு பிடித்த கை மாப்பிள்ளை வளர்க்க லாயக்கில்லை என்று தன்னையே ஏசிக்கொண்டார். பாவம், அந்த நாட்களில் அவர் சோறு தின்றதே பெயருக்குத்தான்.

அந்த நேரத்தில்தான் பூனைப் பிரச்சினை கிளம்பியது. பின்னேரம் தனக்கு ஊற்றிய தேத்தண்ணியை எனாமல் கோப்பையில் ஆறவைத்துவிட்டு, கோழியை அடைத்துவிட்டு வந்தால் கோப்பை வெறுமையாக இருந்தது. மறுநாளும் அப்படித்தான்.

"தேத்தண்ணி குடிக்கிற பூனை எந்த ஊர்லயும் இரிக்கா?" என்று கேட்டார்.

நதீராவுக்குச் சிரிக்கவும் மனமில்லை.

மூன்றாம் நாள் சுபைறா கோழிக்கூட்டுக்குப் போகிறவர்போலப் போய், பாதி வழியில் திரும்பி வந்தார். குசினிக்குள் கந்தோர்ச் சேட்டோடு மருமகன் நின்றார். கையில் எனாமல் கோப்பை. அண்ணாந்து கடைசிச் சொட்டை வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

சுபைறா முட்டாக்கை மூக்குவரை இழுத்துக் கதவுக்குப் பின்னால் போனார். காலிதீன் சுவர்ப்பக்கம் திரும்பினார். ஓடிவிடுவார் என்றுதான் சுபைறா நினைத்தார். அவர் ஓடவில்லை. அடுப்புச் சுவரைப் பார்த்தபடியே கதைத்தார்.

"மாமி, கோவிக்காதீங்க. ஒண்டு கேக்கணும். எனக்கு மட்டும் என்னத்துக்கு வேற தேத்தண்ணி?"

கதவிடுக்கில் முட்டாக்கின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"காலையில உங்கட குசினிக்குள்ள இருந்து இஞ்சி மணத்தோட ஒரு மணம் வருகிது. நீங்க, மாமா, நதீரா மூணு பேரும் இருந்து குடிச்சிக் கதைக்கிற சத்தமும் கேக்கிது. எனக்கு வாற கோப்பையில அந்த மணம் இல்ல. அங்க நான் தனிய மேசையில. ரெண்டு மாசமா விருந்தாளியாத்தானே வச்சிரிக்கீங்க? எங்கட உம்மா ஊட்ட எல்லாருக்கும் ஒரு கேத்தல்தான். அதுக்குத்தான் அங்க ஓடுறன்."

சுபைறாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் வீட்டுப் பிள்ளையைத் தானே வாசலில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். அதுவும் மரியாதை என்ற பெயரில். முகமில்லாத சாமானை வாங்கமாட்டேன் என்று மூன்று வருஷம் பெருமையடித்தவர், வீட்டுக்கு வந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பேணியின் படத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வழக்கமாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தார். மருமகனோடு அவர் கதைத்த முதல் கதை அதுதான்.

"அது ஜவுபர்ட தூள் மகன். சீனி காணுமா?"

"காணும் மாமி, போதும்" என்றார் காலிதீன் சுவரிடம். பிறகு மெதுவாக, "இன்னும் கொஞ்சம் இரிக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அடுப்பில் ஒரு கேத்தல்தான் இருந்தது. காலிதீன் குசினி வாசற்படியில் வந்து குந்தினார். சுபைறா கதவுக்குப் பின்னாலிருந்தே ஊற்றி நீட்ட, நதீரா வாங்கிக் கொடுத்தாள். கோப்பை கழுவத் தேவையில்லாத மாதிரித் திரும்பி வந்தது. அந்த வியாழன் இரவு அவர் மருதமுனைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை சுபைறா ஜவுபர் கடைக்குப் போய், உடைக்காமல் மிச்சமிருந்த இன்னொரு பச்சைப் பேணியை மேசையில் வைத்தார்.

"இத எடுத்துப்போட்டு நம்மட தேயில தா தம்பி. பெரிய பெக்கெட்டாத் தா."

"ஏன் ராத்தா, பேணி பழுதா?"

"பழுதொண்டுமில்ல. எங்கட ஊட்ட இருந்த விருந்தாளி போயிட்டாரு."

ஜவுபரின் முகம் வெளிறியது. "என்ன ராத்தா சொல்றீங்க? மாப்பிள்ள போயிட்டாரா?"

சுபைறா கீழ்த்தட்டுக்கு முன்னால் குந்திக்கொண்டே சொன்னார். "மாப்பிள்ள எங்க போற? ஊட்டதான் இரிக்காரு. விருந்தாளிதான் போயிட்டாரு."