சாமி படத்துக்கு நேர் எதிரே

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கும்போது, மழைத்தண்ணீர் ஓடும் கானில் சறுக்கி விழுந்து என் தொடை எலும்பு உடைந்தது. மாத்தளை ஆஸ்பத்திரியில் ஆபரேசன் செய்து, கட்டிலை விட்டு இறங்கவே கூடாதென்று சொல்லி எல்கடுவைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் டவுனில், படுத்தபடியே ஒன்றுக்கு இரண்டுக்குப் போக ஒரு பெட்பேன் வாங்கினார். அதைப் பத்திரிகையில் சுற்றி, உரப்பைக்குள் போட்டு, களவுச் சாமான் போல பஸ்ஸில் கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாமியாருக்கு வரவில்லை.

வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவில் இருப்பது ஒரே அறை. என் கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் சாமித்தட்டு. அந்த அசிங்கத்தைச் சாமிக்கு முன்னால் வைக்கக்கூடாது, இவளை இஸ்தோப்பில் படுக்கவை என்றார் மாமியார். இஸ்தோப்பு என்பது வாசல்பக்கத்துத் திறந்த திண்ணைதான். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஊரே பார்க்க நான் இடுப்பைத் தூக்கவேண்டுமாம்.

வீட்டுக்காரர் பெட்பேனைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். நானும் முதலில் பயந்துதான் போனேன். பெட்பேனைக் கேட்காமலிருக்க வழி தேடி, தேத்தண்ணியை நிறுத்தினேன், பிறகு தண்ணீரையும் நிறுத்தினேன். அடிவயிறு எரிந்தது, காய்ச்சல் வந்தது. அப்போதுதான் கோபமும் வந்தது. கால் உடைந்ததற்கு நான் ஏன் தாகத்தோடு கிடக்கவேண்டும்? ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மாமியார் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. பெட்பேனைக் கேட்டேன். விளக்கு அணையும்வரை பொறுக்கச் சொன்னார், இல்லையென்றால் கட்டிலோடு வெளியே தூக்கச் சொல்வேன் என்றார்.

"சாமிய வெளிய வைங்க அத்தை. அதுக்குக் கால் ஒடையல. நான் இங்கதான் இருப்பேன்."

பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடியே வந்து, கட்டிலுக்கடியிலிருந்து பெட்பேனை எடுத்து என் இடுப்புக்குக் கீழே தள்ளினார். மாமியார் சாமி படத்தைக் கழற்றுவதற்குக் கையை நீட்டினார்.

அதற்குள் நான் ஒன்றுக்குப் போய்விட்டேன். விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. சாமி என்னைப் பார்த்தது, நானும் சாமியைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் வெட்கமில்லை.