அண்ணி மறித்த டிராக்டர்

டிரெய்லரில் ஜமக்காளம் விரித்து உறவுக்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அண்ணி வந்து டிராக்டருக்கு முன்னால் நின்றார், பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலைப்பொழுது அது. மறுநாள் ஏனாத்தூரில் எனக்குக் கல்யாணம்.

"இந்த வண்டியில யாரும் போவ வாணாம். முன்சக்கரம் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கினு போவுது" என்றார்.

ஓட்ட உட்கார்ந்திருந்தவர் என் அண்ணன். முசரவாக்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இத்தனை பேர் எதிரில் மனைவி வழிமறித்ததில் அவர் முகம் கறுத்துவிட்டது. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது இப்படி நிற்கலாமா என்று அத்தை ஒருத்தி முணுமுணுத்தார். அண்ணி நகரவில்லை. "ஜாக்கி போட்டுப் பாருங்க. சக்கரம் ஆடலன்னா நானே மொதல்ல ஏறி உக்காந்துக்கறேன்."

அண்ணி டிராக்டர் ஓட்டியவர் அல்ல. உழவு நாட்களில் சோற்றுக்கூடையோடு வண்டித் தடத்திலேயே நடந்து வருவார். ஈர மண்ணில் இடது முன்சக்கரத்தின் தடம் மட்டும் கோணலாக இழுத்துக்கொண்டு போவதைக் கவனித்திருக்கிறார். அப்போதெல்லாம் வண்டியை ஓட்டியது நான்தான். என்னிடம் சொன்னார். "பாக்கறேன் அண்ணி" என்றேன். கல்யாணக் களிப்பில் மறந்தும்போனேன்.

அண்ணன் வேண்டாவெறுப்பாக இறங்கி ஜாக்கி போட்டார். மேலும் கீழும் பிடித்து அசைத்ததும் சக்கரம் விழப்போகிற பல்லைப் போல ஆடியது. கழற்றிப் பார்த்தோம். சக்கரத்தை அச்சோடு பிணைத்துத் திரும்ப விடும் கிங்பின், ஒரு பக்கம் கடித்துத் தின்றதுபோலத் தேய்ந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பித்தளை புஷ் துண்டு துண்டாக உதிர்ந்தது. கிரீஸ் போகும் துளையில் காய்ந்த சேறு அடைத்திருந்தது. வாரம் ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டியவன் நான். இரண்டு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. அதை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார்.

"யாரு பாத்துக்கினது இந்த லட்சணத்துல?" என்று அண்ணன் நிமிர்ந்தார்.

அதற்குள் அண்ணி குனிந்து, கட்டைவிரலால் அந்தச் சேற்றை வழித்துவிட்டார். "பழைய வண்டி. தேஞ்சுபோச்சு. இப்ப பேசி என்னா ஆவப்போவுது?"

பாதிப் பேர் மாட்டுவண்டிகளில் கிளம்பினார்கள். சீர் சாமான்களும் நடக்கமுடியாத பெரியவர்களும் டிரெய்லரில்தான் வந்தாக வேண்டும். கல்யாண மாப்பிள்ளை போகக்கூடாது என்று எல்லோரும் தடுத்தும் கேட்காமல், கிங்பின்னைக் கோணியில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் காஞ்சிபுரத்துக்கு மிதித்தேன். நலங்கு வைத்த மஞ்சள் கையில் கறுப்பு கிரீஸ். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் தெருநீளத்துக்குப் பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். "கைய தூக்கிக்கினு போப்பா! பட்டா பொடவையே போச்சு" என்று ஒருவர் கத்தினார். லேத்துப் பட்டறைக்காரர் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையிலிருந்த வேலையை ஒதுக்கிவைத்துப் புதுப் பின்னும் புஷ்ஷும் கடைந்து கொடுத்தார்.

மாட்டிக் கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஏரிக்கரைத் திருப்பத்தில் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். ஒரு பக்கம் கரை முட்டத் தண்ணீர். சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. காலையில் முப்பது பேரோடு இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணன் ஒருமுறை திரும்பி டிரெய்லரைப் பார்த்தார். அண்ணி யாருடைய குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு அத்தையோடு பேசிக்கொண்டு வந்தார்.

அண்ணி போன வருஷம் காலமானார். காரியமெல்லாம் முடிந்த ஒரு சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன்: "அந்த கிங்பின் என்னாலதான் தேஞ்சிது. ரெண்டு மாசம் கிரீஸே அடிக்கல."

"தெரியும்டா. அன்னிக்கே சொல்லிட்டா. மாப்பிள்ளையா நிக்கற புள்ளைய ஒண்ணும் கேக்காதீங்கன்னு கையப் புடிச்சுக்கினா."

"கல்யாணம் முடிஞ்சப்புறமாவது கேட்டிருக்கலாமே?"

அண்ணன் அண்ணி படுத்திருந்த கட்டிலின் பக்கம் திரும்பினார்.

"இனிமே கேளுங்கன்னு அவ சொல்லவே இல்லியே" என்றார்.