எலுமிச்சம்பழமும் மார்க் டூவும்

வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டின் வாசனை, அதனடியிலிருந்து கசிந்து வரும் பெட்ரோல் நெடி, நடுவே நகத்தால் கீறிய எலுமிச்சம்பழத்தின் மணம், இந்த மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும், எனக்கு வயது பத்தாகிவிடும். ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில், எங்கள் ப்ளாக்குக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் சாம்பல் நிற அம்பாசடர் ஒன்று நிற்கும். சைக்கிள்களும் இரண்டொரு ஸ்கூட்டர்களும் தவிர வேறெதுவும் நிற்காத அந்தத் தெருவில் அது எங்கள் வண்டி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கிருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் கர்வம் குறைந்தபாடில்லை.

அந்த வண்டி வந்ததற்குக் காரணம் அம்மாவின் வயிறு. அவளுக்குப் பஸ் ஆகாது. மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை வேர்க்கடலை கொறித்துக்கொண்டே போவாள், ஒன்றும் செய்யாது. பஸ் என்றால் நிலையத்தில் ஏறும்போதே முகம் வெளுத்துவிடும். கையில் எலுமிச்சம்பழமும் மடியில் மஞ்சள் பையுமாக உட்காருவாள், காடுவெட்டி வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துபோய் நின்றுகொள்வார்கள். அவள் பிறந்த ஊரோ செய்யாறு. அங்கே ரயில் கிடையாது. பெரிய மாமாவின் கல்யாணத்துக்கு மூன்று பஸ் மாறி வதங்கிய கீரையாகப் போய்ச் சேர்ந்தவள், பக்கத்து வீட்டில் பாயில் படுத்தபடியே கெட்டிமேளச் சத்தத்தைக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் தாலியின் கடைசி முடிச்சை மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோதான் போட வேண்டும். ‘நாத்தனார் முடிச்சு’ என்று அதற்குப் பெயரே உண்டு. அன்று அந்த முடிச்சை வேறு யாரோ ஒன்றுவிட்ட தங்கை போட்டாள்.

ஆறு வருடம் கழித்து, சின்ன மாமா குமாருக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று ஆடியிலேயே கடிதம் வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் மடித்தும் பிரித்தும் வைத்திருந்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்:

“இந்த முடிச்சையும் இன்னொருத்தி போட்டான்னா, நான் எதுக்குங்க அவனுக்குக் கூடப் பொறந்தேன்? இவனோட சரி. இனிமே தாலி கட்ட எனக்கு வேற தம்பி இல்ல.”

அப்பாவுக்கு அம்மா அழுதால் தாங்காது. “கார்ல போனா வாந்தி வராது. காத்து வரும்” என்று அந்த நிமிடமே முடிவு செய்தார். வாழ்நாளில் நான்கைந்து முறைக்கு மேல் காரில் ஏறியிராத மனிதர் அவர்.

கார் வாங்கித் தர வந்தவர் மண்ணூர்பேட்டையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் ஏகாம்பரம். முப்பது வயதிருக்கும். ஆளைவிடப் பேச்சு பெரிது. “இன்னா சார், எந்த வண்டின்னு கேக்கறே? செகண்ட் ஹேண்டுல அம்பாசடர வுட்டா வேற இன்னா கீது? மத்தவன்லாம் வர்சத்துக்கு ஒரு வண்டி வுட்றான். இவன் மூஞ்ச மட்டும் மாத்தி மார்க் ஒன்னு, மார்க் டூ, மார்க் த்ரீன்னு பேர் வெச்சிகினு கீறான். அத்தான் சார் இதோட பெரும. அப்பன் வண்டி பார்ட்டு புள்ள வண்டிக்கு சேரும்” என்றார். டீக்கடை இல்லாத ஊரில்கூட இதற்குச் சாமான் கிடைக்கும், சுத்தியலும் கம்பியும் இருந்தால் எந்த மெக்கானிக்கும் ஓட வைத்துவிடுவான், பெட்ரோல் டேங்க் ஒழுகினால் துணி சோப்பை அப்பினால் போதும், ஒன்பது பேர் தாராளமாக உட்காரலாம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். இத்தனையும் உண்மை என்று பின்னால் நாங்களே கண்டுகொண்டோம். சோப்பு உள்பட.

வந்தது மார்க் டூ. என்னைவிட எட்டு வயது மூத்தது. முன்பக்கம் சிறு சிறு கட்டங்களாகப் பல்வரிசை, மூன்று பேர் இடிக்காமல் உட்காரும்படி பெஞ்சு போல ஒரே நீள முன் சீட்டு, ஸ்டியரிங் தண்டிலிருந்து இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பி. பின் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தகரம் துருப்பிடித்து ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே சாலை ஓடுவதைப் பார்ப்பதற்கு எனக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை வரும்.

ஆனால் வண்டி வந்து ஆறு ஞாயிற்றுக்கிழமை அது மரத்தடியை விட்டு அசையவில்லை. அப்பா தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர், அதாவது செய்து முடித்த பாகங்களைச் சோதித்து ஏற்பதும் தள்ளுவதும்தான் அவருடைய வேலை. வீட்டில் தோசைக்கல்கூட அவர் தட்டிப் பார்த்துத் தேறிய பிறகுதான் அடுப்பேறும். அப்படிப்பட்டவரிடம் பழைய கார் ஒன்று சிக்கினால் கேட்க வேண்டுமா? ஒவ்வொரு பாகத்தையும் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தேறியதற்குச் சாக்பீஸால் ‘சரி’ என்றும் தேறாததற்குப் பெருக்கல் குறியும் போட்டார். கதவு, பம்பர், விளக்கு எல்லாவற்றிலும் எழுத்து. குடியிருப்பில் எங்கள் வண்டிக்கு ‘பரீட்சை பேப்பர்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

ஏழாவது ஞாயிறு ஏகாம்பரம் ஓட்ட, பூந்தமல்லிக்கு வெள்ளோட்டம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, சிரித்துக்கொண்டே ஏறினாள். சிரிப்பு பருத்திப்பட்டு வரை இருந்தது. பிறகு எலுமிச்சம்பழத்தைக் கீறினாள். சென்னீர்குப்பத்தில் “நிறுத்துங்க” என்று மட்டும் சொன்னாள். இறங்கிச் சாலையோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளை, நாங்கள் நால்வரும் வண்டியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தவள் யார் முகத்தையும் பார்க்காமல், “ஊருக்கு நீங்களும் பசங்களும் போயிட்டு வாங்க” என்றாள். இவ்வளவு பெரிய வண்டி வாங்கியும் என்ன பிரயோசனம் என்று அந்தத் துருப்பிடித்த ஓட்டையைக் காலால் உதைத்தேன்.

அப்பா விடவில்லை. ஏகாம்பரம் ஓட்டிய வேகம்தான் காரணம், தானே கற்றுக்கொண்டு மெதுவாக ஓட்டினால் சரியாகிவிடும் என்று கிளம்பினார். நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் லைசென்ஸ் தேர்வில், அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நேராகப் போய்க்கொண்டிருந்த வண்டியின் முன்பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்திருக்கிறது. அப்பாவுக்குக் கை ஓடவில்லை. “ஒரு நிமிஷம் சார்” என்று நடுவழியில் நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்துவிட்டார். அடுத்த மாதமும் இதே கதை. இந்தமுறை சத்தம் பின்சக்கரத்தில். “நீங்க வண்டி ஓட்ட வந்தீங்களா, வண்டிக்கு வைத்தியம் பாக்க வந்தீங்களா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார் அதிகாரி.

“சத்தத்தக் கேட்டுக்கிட்டே எப்படி ஓட்டறது? மனசு ஒப்பல” என்று அப்பா கூடத்தில் உட்கார்ந்து புலம்பினார். அம்மா ஒரு மூலையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சார், தப்பா நெனிக்காதே. எங்க அண்ணன் பஸ்ல குந்தினா வாந்தி எடுப்பான். அவனே இப்போ லாரி ஓட்டிகினு கீறான், பம்பாய் வரிக்கும் போறான், ஒரு ஏப்பம்கூட வர்ல. ஸ்டேரிங் புட்ச்சவனுக்கு மயக்கம் வராது சார். பேசாம அம்மாவ ஓட்ட சொல்லு.”

அப்பா ஏகாம்பரத்தைப் பார்த்தார், நாங்கள் அப்பாவைப் பார்த்தோம். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்:

“எனக்குக் கால் எட்டுமா?”

முதுகுக்கு இரண்டு தலையணை வைத்ததும் எட்டியது. மாலை நேரங்களில் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஏகாம்பரம் சொல்லச் சொல்ல அம்மா ஓட்டினாள். கிளட்ச்சை மிதிக்க ஆட்டுக்கல் தள்ளும் பலம் வேண்டும். அது அவளிடம் இருந்தது. கியர்தான் குழப்பியது. அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, தன் பக்கம் இழுத்து மேலே, அப்படியே கீழே, தள்ளி மேலே, அப்படியே கீழே என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுப் பார்ப்பாள். நான்காவது கியரில் ஒருநாள் ரசப் பாத்திரம் கவிழ்ந்தது. ஓட்டும்போது அவளுக்கு வயிறு ஒன்றும் செய்யவில்லை. ஏகாம்பரம் சொன்னது பலித்துவிட்டது. மைதானத்தை முதல்முறை முழுசாகச் சுற்றி வந்து நிறுத்திய அன்று அவள் எலுமிச்சம்பழம் இல்லாத தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஏதோ தொலைந்துபோனதைத் தேடுபவள் மாதிரி.

“புருஷன் பக்கத்துல உக்காந்திருக்கறாரு, இவ ஓட்டுறாளாம்” என்று எதிர் ப்ளாக் சரோஜா அக்கா வாயில் விரல் வைத்தாள். அடுத்த வாரமே பூந்தமல்லி பூ மார்க்கெட்டுக்கு இடம் கேட்டு வந்தவளும் அவள்தான். மார்கழியில் தேர்வுக்குப் போனபோது அதிகாரி வண்டியை அடையாளம் கண்டு, “சார் வரலையா?” என்று கேட்டாராம். “அவர வீட்டுலயே விட்டுட்டு வந்தேன் சார்” என்றாளாம் அம்மா. முதல் தடவையிலேயே தேறினாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். டிக்கியில் சீர் சாமான், கூடவே ஏகாம்பரம் கொடுத்த ஒரு ஃபேன் பெல்ட்டும் ஒரு துணி சோப்பும். சென்னீர்குப்பம் வந்தது. நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அம்மா அந்தப் புளியமரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; ஹாரன் அடித்துக்கொண்டே பெங்களூர் ரோட்டில் திருப்பினாள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ஆரம்பித்தது. ‘டங்… டங்…’

“விமலா, நிறுத்து. பின்பக்கம் ஏதோ கழண்டிருக்கு” என்றார் அப்பா.

“வண்டி போகுதில்ல?”

“போகுது. ஆனா சத்தம் வருதே.”

“அப்ப நானும் போறேன்.”

அப்பா பின்பக்கம் திரும்பி முட்டி போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். சீட்டில் காதை வைத்தார். தரையில் காதை வைத்தார். அம்மா அசையவில்லை, லாரிகளை விலக்கிக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். காஞ்சிபுரம் எல்லையில் அப்பா மறுபடி “நிறுத்து” என்றார். இந்தமுறை குரல் வேறு மாதிரி இருந்தது. அம்மா ஓரம் கட்டினாள். அப்பா இறங்கி ஓடிப்போய், வாய்க்கால் மதகைப் பிடித்துக்கொண்டு, காலை இட்லி அத்தனையையும் வாந்தி எடுத்தார்.

எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா சிரிக்கவில்லை. இடுப்பில் சொருகியிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி, அவரிடம் நீட்டினாள். பிறகு டிக்கியைத் திறந்தாள். குத்துவிளக்கு சாய்ந்து வெண்கலப் பானையில் மோதிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டைச் செருகிவிட்டு, முந்தானையைச் சொருகிக்கொண்டு மறுபடி ஏறினாள். மிச்ச தூரம் முழுக்க அப்பா பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிக்கிடந்தார்.

பந்தல் வாசலில் வண்டி நின்றதும் குமார் மாமா ஓடிவந்தார். “வா அக்கா! டிரைவர் எங்க, சாப்பிடச் சொல்லு” என்றார். அம்மா சாவியை அவர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

மறுநாள் முகூர்த்தத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று அம்மா முடிச்சுப் போட்டாள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துச் சிவந்து கன்றிப்போயிருந்த கை. ஆறு வருட ஏக்கத்தையும் சேர்த்து இறுக்கினாளோ என்னவோ, “கொஞ்சம் மெதுவா அண்ணி” என்று புதுப்பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள், அழுதுகொண்டே. அவ்வளவு சந்தோஷமான அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்த வண்டி எங்களோடு இருந்தது. குடியிருப்பில் பாதிப் பேரின் பெண் பார்க்கும் படலம், புதுமனைப் புகுவிழா, திருவேற்காட்டுப் பொங்கல் எல்லாவற்றுக்கும் அம்மாதான் சாரதி. சின்னச் சின்னக் கார்கள் தெருவெல்லாம் ஓடத் தொடங்கிய தொண்ணூறுகளின் நடுவில், அப்பா ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்தபோது அதை விற்றோம். வாங்க வந்தவரைத் தட்டிப் பார்க்காத குறையாக அப்பா சோதித்தார். வண்டி போன பிறகு பார்த்தால், வேப்பமரத்தின் அடியில் சாக்பீஸால் ஒரு ‘சரி’ எழுதியிருந்தது.

இப்போது மண்ணூர்பேட்டையில் ஏகாம்பரத்தின் ஷெட் இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது. சாலையில் மார்க் டூ ஒன்றைப் பார்த்துப் பல வருடமாகிறது. ஒரு காலத்தில் ஊரே சாய்ந்து நின்ற அந்த உருண்டை முதுகு கண்ணில் படுவதேயில்லை. முகப்பேரில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து எங்கே போனாலும் போனில் அழைத்தால் வாடகைக் கார் வாசலுக்கு வந்துவிடுகிறது.

போன மாதம் குமார் மாமா மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் செய்யாறு கிளம்பினோம். முன் சீட்டில் அப்பா, “ஒரு சத்தமும் இல்லையே தம்பி, ஓடுதா இது?” என்று டிரைவரைக் கேட்டுக்கொண்டே வந்தார். பின் சீட்டில் என் பக்கத்தில் அம்மா. எழுபது தாண்டிவிட்டாள், லைசென்ஸ் காலாவதியாகி வெகுநாளாகிறது; அதனால் பழையபடி மடியில் பையும் கையில் எலுமிச்சம்பழமும். பெங்களூர் ரோட்டில் ஏறியதும் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கண் சாலையிலேயே இருந்தது. குறுக்கே ஒரு ஆட்டோ வந்தபோது வலது கால் தரையை அழுத்தியது. பழத்தை வலது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். இடது கை, புடவைக்கு மேல், யாருக்கும் தெரியாதபடி, தன் பக்கம் இழுத்து மேலே, அப்படியே கீழே, தள்ளி மேலே என்று போய்க்கொண்டிருந்தது.

சென்னீர்குப்பம் தாண்டியும் அவள் அந்தப் பழத்தைக் கீறவே இல்லை.