மச்சானின் கால் கிடக்கும் இடம்

ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்போதே அவனுடைய கால் மட்டும் மையவாடிக்குப் போய்ச் சேரலாம். எங்கள் கரையோர ஊர்களில் இது அதிசயமில்லை. சீனி வருத்தம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த காலையோ விரலையோ சொந்தக்காரர் வாங்கி வந்து, வெள்ளைத் துணியில் சுற்றி, ஜனாஸாத் தொழுகை இல்லாமல், மீசான் கட்டையும் இல்லாமல் புதைத்துவிடுவார்கள். மீசான் கட்டை என்பது கபுறுக் குழியின் தலைமாட்டில் நடும் அடையாளம். காலுக்குத் தலைமாடு எது என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்பதால்தான் அதை நடுவதில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

என் தங்கையின் கணவருடைய வலது கால், முழங்காலுக்குக் கீழே, அப்படித்தான் போனது. அவர் சாகாமத்துப் பக்கம் வயல் செய்தவர். வட்டவிதானையாராகவும் இருந்தவர். யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் பாய வேண்டும், யாருடைய வரம்பு எதுவரை என்று வாழ்நாள் முழுக்கத் தீர்ப்புச் சொன்னவர், உள்ளங்காலில் முள் ஏறியதைப் பற்றி மட்டும் ஒரு தீர்மானத்துக்கும் வராமல் இருந்துவிட்டார். மற்றதை டொக்டர்கள் தீர்மானித்தார்கள்.

நான் பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். குடும்பத்தில் எங்கே கையெழுத்து வைக்க வேண்டியிருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலைப் பொறுப்பேற்றதும் நான்தான். தாதி நீட்டிய தாளில் உறவுமுறை என்று ஒரு இடம் இருந்தது. காலுக்கு நான் மச்சான் ஆவேனா என்று பேனை ஒரு கணம் தயங்கியது. வேறு சொல் கிடைக்காததால் அதையே எழுதினேன்.

குழி வெட்டுகிறவர் மையவாடியின் கடற்பக்க மதிலோரம், பூவரச மரத்தடியில், சின்னதாக ஒரு குழி வெட்டித் தந்தார். காலை வைத்தோம், மண்ணை மூடினோம், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தேன். விவகாரம் முடிந்தது என்றே நினைத்தேன்.

புண் ஆறி மச்சான் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கேட்டார்:

“மச்சான், என்ட கால நீ எப்படி வெச்சாய்?”

“எப்படி வெக்கிற? படுக்க வெச்சன்.”

“விரல் மடிஞ்சி கிடக்கு. பெருவிரலுக்கு மேல மற்ற விரல் ஏறி நிக்கி. போட்டு நெரிக்கிது.”

“அந்தக் கால் மண்ணுக்குள்ள கிடக்கு மச்சான்.”

“அதத்தானே நானும் சொல்லுறன். மண்ணுக்குள்ள மடிஞ்சி கிடக்கு.”

டொக்டரிடம் கூட்டிப்போனேன். கால் போனது மூளைக்கு இன்னும் தெரியாது, இது நரம்புக் கோளாறு, பொய்க்கால் போட்டு நடக்கத் தொடங்கினால் குறையக்கூடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். குளிசையும் எழுதினார். மச்சான் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும், “பழைய கால் நிமிரட்டும், புதுக்காலப் பொறகு பாப்பம்” என்றார். பொய்க்கால் அளவெடுக்கப் போகவில்லை. நித்திரையும் இல்லை.

தங்கை என்னைத் தேடி வந்தாள். “காக்கா, மனிசன் விடிய விடியக் கட்டில்ல இருந்து இல்லாத காலத் தடவிப் பாத்துக்கு இரிக்காரு. பாக்கப் பயமா இரிக்கி. நீங்கதானே புதைச்ச. நீங்களே ஒரு வழியப் பாருங்க.”

வழியைச் சொன்னது நானல்ல. மச்சானின் வயலுக்குப் பக்கத்து வயல்காரர், பாண்டிருப்பைச் சேர்ந்த இந்து, ஒருநாள் சுகம் விசாரிக்க வந்தார். வெட்டிய கால் கோணலாகக் கிடந்தால் ஆளுக்கு நோகும், தோண்டி விரலை நிமிர்த்தி வைத்தால் அன்றைக்கே சுகம் வரும் என்று பழைய ஆட்கள் சொல்வார்களாம். “எரிச்சிருந்தா இந்தக் கரைச்சலே இல்ல விதானையார், நோகிறதுக்கு விரலே மிஞ்சியிருக்காது” என்று சிரித்தவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். கொரோனாக் காலத்தில் எங்கள் ஜனாஸாக்களையும் அரசாங்கம் எரித்த பிறகு எங்கள் வீடுகளில் யாரும் அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொல்வதில்லை. மச்சான் மட்டும் சிரித்தார். “நீ நல்லதத்தான் சொல்லியிருக்காய். என்ட மச்சானுக்குத்தான் நடைமுறை எல்லாம் தெரியுமே. தோண்டச் சொல்லு.”

எனக்கு எல்லா நடைமுறையும் தெரியும் என்பது உண்மை. புதைத்த உடலைத் தோண்ட நீதவானின் கட்டளை வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் கால் ஓர் உடலா? பழக்கமான சட்டத்தரணி ஒருவரைக் கேட்டேன்.

“இறந்தவர் யார்?” என்றார்.

“யாரும் இறக்கவில்லை.”

“அப்படியென்றால் நீதவானிடம் என்னவென்று கேட்பது?”

பள்ளிவாசல் நிர்வாகத்தில் பொறுப்பாக இருந்தவரிடம் போனேன். “எங்கட பதிவில அங்க கால் ஒண்டும் இல்லையே சேர்” என்றார். “இல்லாத ஒண்டத் திறக்க நாங்க எப்படி அனுமதி தாற?”

அந்த வாதத்தில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. நானே என் மேசையிலிருந்து அதைப்போலப் பலபேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைசியில் மௌலவிதான் வாய் திறந்தார். மார்க்கத்தில் இந்த விரல் நிமிர்த்தும் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்றார். ஆனாலும் மனிதர் வேதனைப்படுகிறார், அது அவருடைய சொந்தக் கால், மெதுவாகத் திறந்து பார்த்து மூடுவதைத் தான் தடுக்கவில்லை என்றார். “ஆனா ஒண்டு. வேற மையத்து ஒண்டுலயும் கை பட்டுறக் கூடாது. இடம் நிச்சயமாத் தெரியுமா?”

“நிச்சயமாகத் தெரியும்” என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். மையவாடி மண் கடற்கரை மண். ஊன்றுகோல் புதைந்தது. பள்ளியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுத்து, அதில் மச்சானை உட்காரவைத்து, நானும் குழி வெட்டுகிறவரும் ஓட்டோச் சாரதியும் தூக்கிக்கொண்டு நடந்தோம். கதிரையில் இருந்தபடி அவர், “மையவாடிக்குத் தூக்கிப் போற ஆள் கதைச்சிட்டே போறத நீங்க எங்கயும் பாத்திரிக்கீங்களா?” என்று கேட்டார். சாரதிக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

பூவரச மரத்தடியில் கதிரையை இறக்கினோம். அங்கே இரண்டு மேடுகள் இருந்தன.

பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு. இரண்டின் மேலும் புது மண். இரண்டின் தலைமாட்டிலும் மீசான் கட்டை. இரண்டிலும் ஒரு பட்டிப்பூச் செடி.

“எது?” என்றார் மச்சான்.

முழங்காலுக்குக் கீழான ஒரு காலும், பிறந்து ஒரு நாளிலேயே மௌத்தாகிப்போன ஒரு குழந்தையும் ஏறத்தாழ ஒரே நீளம் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் சொல்லவில்லை. கபுறு வடக்குத் தெற்காக இருக்க வேண்டும் என்று தெரிந்தவன் நான். காலையும் ஒழுங்காக வடக்குத் தெற்காகவே வைத்திருந்தேன். ஏனோதானோ என்று குறுக்கே வைத்திருந்தால் இப்போது அடையாளம் தெரிந்திருக்கும். நான் மதிலைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன். அன்றைக்கு மரம் எனக்கு வலப்பக்கம் இருந்ததா, இடப்பக்கமா? நான் எந்த வாசலால் வந்தேன்? குழி வெட்டுகிறவரைப் பார்த்தேன். “வெட்டுறதோட என்ட வேல முடிஞ்சி சேர்” என்றார் அவர்.

அப்போது ஓர் இளைஞன் தண்ணீர்ப் போத்தலோடு வந்து சலாம் சொன்னான். இரண்டு மேட்டுக்கும் தண்ணீர் தெளித்தான். மச்சானைப் பார்த்து, “உங்கட புள்ளையும் இஞ்சயா வாப்பா இரிக்கி? பேரப்புள்ளையா?” என்று கேட்டான்.

பதிலுக்குக் காத்திராமல் அவனே தொடர்ந்தான். “என்ட மகள் இதுல ஒண்டு. பொறந்து ஒருநாள்தான் இருந்தாளாம். நான் அப்ப கத்தார்ல. காக்காதான் அடக்கின. வந்து பாத்தா ரெண்டு. காக்காக்கிட்டக் கேட்டா கடல் பக்கத்தது என்டாரு. பொறகு கேட்டா மற்றதோ தெரியா என்டாரு.”

“இந்தக் கட்டையெல்லாம்?” என்று கேட்டேன்.

“நான்தான் நட்ட. மற்றதும் ஆரோ ஒரு புள்ளதானே. ஒண்டுக்கு மட்டும் நட்டா மனசுக்கு ஒரு மாதிரி. வெள்ளிக்கு வெள்ளி வந்து ரெண்டுக்கும் யாசீன் ஓதுற.”

குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை மெல்லத் தன் முதுகுப்பக்கம் கொண்டுபோனார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மச்சான் முந்திக்கொண்டார்.

“மகன், மற்றது புள்ள இல்ல. என்ட கால்.”

இளைஞன் மச்சானின் சாரத்தைப் பார்த்தான். வலப்பக்கம் வெறுமையாகத் தொங்கியதை அப்போதுதான் கண்டான். இரண்டு மேட்டையும் மாறிமாறிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு ஏதோ. “அப்ப நான் இவ்வளவு நாளும் காலுக்கா ஓதின?” என்றான்.

“அதனாலதான் வெள்ளிக்கிழமையில கொஞ்சம் சுகம்போல” என்றார் மச்சான்.

அவன் சிரித்துவிட்டான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தான். பிறகு கேட்டான்: “எது கால் என்டு உங்களுக்குத் தெரியுமா வாப்பா?”

மச்சான் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “தெரியாது” என்றேன்.

ஒரு கை மண்ணை எடுத்தாலே தெரிந்துவிடும். ஆனால் அந்த ஒரு கை மண்ணைக் குழந்தையின் மேலிருந்து எடுத்துவிடுவோமோ என்பதுதான் தெரியாது. மச்சான் கதிரையிலிருந்து குனிந்து, இரண்டு மேட்டுக்கும் நடுவே கையை வைத்து, நீண்ட நேரம் அப்படியே இருந்தார். வரம்புத் தகராறுகளில் அவர் இப்படித்தான் குந்தியிருப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

“ரெண்டுக்கும் ஓதுங்க மகன்” என்றார். “இத ஒருத்தரும் திறக்கிறல்ல.” பிறகு எங்களைப் பார்த்து, “தூக்குங்க” என்றார்.

ஓட்டோவில் நான் ஆறுதலாக ஏதோ சொல்ல முயன்றேன். “விரல் இன்னும் மடிஞ்சிதான் கிடக்கு” என்று அவர் என்னை நிறுத்தினார்.

ஆனால் அடுத்த கிழமையே பொய்க்காலுக்கு அளவெடுக்கப் போனார். கதிரையில் தூக்கிக்கொண்டு போவது வெட்கமாம், அந்தப் பிள்ளையிடம் நடந்து போகவேண்டுமாம். அந்தப் பிள்ளை என்று அவர் சொன்னது இளைஞனையா, மண்ணுக்குள் இருப்பதையா என்று நான் கேட்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகிறார். இரண்டு மேட்டுக்கும் தண்ணீர் தெளிக்கிறார். தன் சொந்தக் காலுக்கும் சலாம் சொல்கிறாரா என்று மௌலவி என்னிடம் இரகசியமாக விசாரித்தார். தெரியாது என்றேன். அந்தச் சொல் இப்போது எனக்குச் சுலபமாக வருகிறது.

போன வெள்ளி அவர் வீட்டுக்குப் போனேன். மையவாடியிலிருந்து வந்து கதிரையில் சாய்ந்திருந்தார். பொய்க்காலில் மண் ஒட்டியிருந்தது. அதன் விரல்கள் ரப்பரில் வார்த்தவை, ஒன்றன் பக்கத்தில் ஒன்று நேராக, ஒன்றும் மடியாமல்.

“கடிக்கிது மச்சான்” என்றார். “எனக்குக் குனிய ஏலாது. கொஞ்சம் சொறிஞ்சி விடு.”

தங்கை உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து, ரப்பர் பெருவிரலை நகத்தால் சுரண்டினேன்.

“இங்கயா?”

“இல்ல. அதுக்குப் பக்கத்தது.”

பக்கத்து விரலைச் சுரண்டினேன். மச்சான் கண்ணை மூடி, மூச்சை நீளமாக விட்டார்.

“ஓம்” என்றார். “அதுதான்.”